தோற்றவர்களின் மேசையில் ரேவதி அக்கா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரேவதி அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவருடைய தம்பி இருக்கிறார். யாங்கோனின் பபேடான் பகுதிச் சலவைக் கடையில் அவரோடு ஒரே மேசையில் இஸ்திரி போட்டவர்கள் இருக்கிறார்கள். நானோ அவர் நடுவராக நின்ற ஆட்டங்களில் நான்கு ஆண்டுகள் கோட்டோரம் கொடி பிடித்தவள், அவ்வளவுதான். பதினாறாம் நாள் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்த நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நான் பட்டம் வாங்கியது பர்மிய மொழியில். தமிழ் கோயிலின் ஞாயிறு வகுப்பில் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் சொல்லப்போகும் ஒரு விஷயம் பிழையில்லாதது. அதை அறிந்தவர்கள் மூன்று பேர். இப்போது இரண்டு பேர்.

செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. நான் வேலை பார்க்கும் மருந்து மொத்தக் கடையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி தொலைபேசியில் இரண்டே வரி அனுப்பியிருந்தார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூன்று முறை படித்தேன். பிறகு தெருவுக்கு வந்து நான்கு கடை தள்ளியிருந்த சலவைக் கடையைப் பார்த்தேன். கதவு பாதி இறக்கியிருந்தது. அந்த நேரத்தில் எப்போதும் நடைபாதை வரை வரும் சூடான துணி வாசனை வரவில்லை. அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

அன்று மாலையே கால்பந்து ஆட்டக் குழு கூடியது. அடுத்த மாதம் தன்லியின் என்ற ஊரின் மைதானத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு முன் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பது என்று முடிவாயிற்று. மறுநாள், அந்த ஆட்டத்தில் ஆடப்போகும் டாலா அணியிடமிருந்து பதில் வந்தது. அவர் பெயர் மைக்கில் வந்தால் அந்த நிமிடம் முடியும்வரை நாங்கள் மைதானத்துக்கு வெளியே நிற்போம் என்றார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறுதி ஆட்டத்தில் விழுந்த அந்தக் கோல். குழு இன்னும் முடிவு சொல்லாமல் இருக்கிறது. ரேவதி அக்காவின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கும் நிலைமை வந்ததற்குக் காரணம் அவர் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவரை மைதானத்தில் நான் முதலில் பார்த்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்காக. அவர் மைதானத்தில் வேகமாக நடந்தார். பந்து ஒரு முனைக்குப் போய்த் திரும்பும்போது அவர் நடுவில் இருப்பார். "எப்படியும் பந்து திரும்பி வரும், நான் எதுக்கு அது பின்னால போவணும்" என்பார். ஆண்கள் பலர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதால் விசில் ஊத ஆள் இல்லாமல் இருந்த காலம் அது. குழுவினர் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டார்கள். அவர் தயங்காமல் சரி என்றார். ஆட்டக்காரர்கள் அவரை ஸயாமா என்று, டீச்சரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். அது அவருக்குப் பிடிக்காது. "ஆட்டத்துக்கு முன்னால ஸயாமான்னு குழையறவன்தான் முடிஞ்சதும் மொதல்ல திட்டுவான். மா ரேவதின்னு கூப்பிடு, போதும்." பர்மியத்தில் மா என்றால் அக்கா.

என்னைக் கொடி பிடிக்க அழைத்த விதமும் அப்படித்தான். அப்பாவின் சட்டையை வாங்க அவர் கடைக்குப் போயிருந்தேன். வேறு ஒருவருடைய சட்டையை மடித்துக் கொடுத்தார். வேறு சட்டை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்புன்னு ஒனக்குத் தெரியுது, வாயிலதான் வரல. நல்லது. லைன்ல நிக்கிற ஆளுக்கு வாய் வேணாம், கண்ணும் கையும் இருந்தாப் போதும். ஞாயித்துக்கெழமை தன்லியினுக்கு வா." அடுத்த ஞாயிறு பாலம் தாண்டிப் போகும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீட்டில் அம்மா கேட்டபோது மைதானத்தில் கணக்கு எழுதும் வேலை என்று சொல்லிவைத்தேன்.

பஸ்ஸில்தான் அவர் மாலத்தீவுக் கதைகளைச் சொல்வார். இருபத்தேழு வயதில் அங்கே ஒரு சுற்றுலா விடுதியின் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனார். ஆறு ஆண்டு இருந்தார். விடுதி ஒரு தனித் தீவு. கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். விருந்தாளிகள் பார்க்கும் பக்கம் மணல், தென்னை, நீலத் தண்ணீர். அவர்கள் பார்க்காத பக்கம் ஜெனரேட்டர், சலவைக்கூடம், வேலையாட்களின் அறைகள், அதற்கும் பின்னால் மைதானம். மூன்று புறமும் கடல். பந்து கடலில் விழுந்தால் உதைத்தவனே நீந்திப்போய் எடுத்து வர வேண்டும். அதுவரை எல்லோரும் உட்கார்ந்து காத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்துப் பந்து கல் மாதிரி ஆகிவிடுமாம். தலையால் முட்டிய சமையல்காரர் ஒருவர் அன்று குழம்பில் உப்புப் போட மறந்தார் என்பார்.

அந்த நாட்டு மக்கள் எல்லோரையும் கூட்டினாலும் யாங்கோனின் ஒரு மூலை நிரம்பாது. ஆனாலும் அங்கே கால்பந்து இல்லாத தீவு கிடையாது. நாட்டு அணி வெளியே விளையாடும் நாளில் தோணிக்காரர்கள் கரையை விட்டு நகர மாட்டார்கள். அங்கே படகுக்குத் தோணி என்றே பெயர் என்று சொல்லும்போது ரேவதி அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருமுறை பெரிய நாடு ஒன்றை அவர்கள் வென்றபோது சலவைக்கூடத்தில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு ஆடினார்களாம். விருந்தாளிகள் துண்டு கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். "அவ்ளோ சின்ன நாடு, மேப்புல தேடினா அச்சுப் பிழை மாதிரி இருக்கும். ஆனா பந்து கால்ல வந்துட்டா நம்மள சின்ன ஆளுன்னு நெனைக்கவே மாட்டான்."

அவர் நடுவரானது அங்கேதான். சமையலறை ஓர் அணி, தோட்டம் ஓர் அணி, படகு ஓர் அணி. தீவில் இருக்கிற எல்லோரும் ஏதோ ஓர் அணியைச் சேர்ந்தவர்கள். சலவைக்கூடத்துப் பெண்களுக்கு மட்டும் அணி கிடையாது. "ஒனக்குத்தான் எந்தப் பக்கமும் இல்ல, நீ ஊது" என்று விசிலைக் கையில் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே சமையலறைக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். அன்று மாலையிலிருந்து அவருடைய தட்டில் மீன் தலை மட்டும் விழுந்தது. இரண்டாம் நாளும் தலை. மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சமையலறை அணி சாப்பிடும் மேசையில் உட்கார்ந்தார். "ஏன் பெனால்டின்னு கேளுங்க, பதில் சொல்றேன். சொல்லி முடிச்சதும் நடு மீன் வெக்கணும்." கேட்டார்கள். சொன்னார். சண்டை போட்டார்கள். கடைசியில் நடு மீன் வந்தது.

அன்றிலிருந்து அந்தத் தீவில் அது வழக்கமாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் நடுவர் தோற்ற அணியின் மேசையில் சாப்பிட வேண்டும். அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அதற்குமேல் அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. "தீவுல ரெஃபரி ஒளியறதுக்கு எடம் இல்ல கல்யாணி. நாளைக்கும் அதே ஹால்லதான் சோறு. அப்போ இன்னைக்கே போய் ஒக்காந்துட்டா என்ன?"

இந்த வழக்கத்தை அவர் தன்லியினுக்கும் கொண்டு வந்தார். மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் தோற்ற அணி உட்கார்ந்ததும் இவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். முதல் ஞாயிறு அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் ஞாயிறு சிரித்தார்கள். மூன்றாம் ஞாயிறு அவர் வரச் சற்றுத் தாமதமானபோது, "எங்க மா ரேவதி, நாங்க தோத்ததுக்கு ஒரு மரியாதை இல்லையா" என்று ஒருவர் சத்தம் போட்டார். ஜெயித்தவர்களின் மேசைக்கு அவர் போனதே இல்லை. "அங்க எல்லாரும் சிரிப்பான். எனக்கு அங்க வேலை என்ன?"

டாலா அணியும் அந்த மேசையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் சைக்கா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஆள் ஏற்றி ஓட்டுபவர்கள். படகில் ஆற்றைக் கடந்து, லாரி பிடித்து வருவார்கள். அணித் தலைவர் கோ ஸோ மின்னும் சைக்காக்காரர்தான். ஒருநாள் அவர் ரேவதி அக்காவைச் சீண்டினார். "நாங்க ஆளை ஏத்திக்கிட்டுப் பத்து மைல் மிதிக்கிறோம். நீங்க சும்மா நடுவுலயே நிக்கிறீங்க. நூறடி தள்ளி நடந்தது எப்படித் தெரியும்?"

"ஒங்க சைக்கால ஆள் ஏறினா, வழி தெரிஞ்சுக்கிட்டா நீங்க ஓட்டுறீங்க? ஏறினவங்க சொல்லித்தானே ஓட்டுறீங்க. எனக்கு லைன்ல ஒரு புள்ள நிக்குது. அது சொல்லும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தேநீரைப் பார்த்தேன். அந்தப் பேச்சு எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

இனி அந்த இறுதி ஆட்டம்.

அதற்கு முந்திய வாரம் என் கொடி வெளுத்துப்போய், நடுவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்று ரேவதி அக்கா கடிந்துகொண்டார். சனிக்கிழமை நானே புதிதாக ஒன்று தைத்தேன். வீட்டில் கிழிசல் துணிகள் போட்டுவைக்கும் பையில் நல்ல சிவப்பில் ஒரு துண்டு கிடைத்தது. அம்மாவின் பழைய தமெய்ன். அதன் இடுப்புப் பக்கம் வழக்கமாக வைத்துத் தைக்கும் கறுப்புப் பட்டை உறுதியாக இருந்ததால் அதை வெட்டியெறியவில்லை. மடித்துத் தைத்துக் குச்சியை அதற்குள் நுழைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. வெட்டிய பிறகு அது வெறும் சிவப்புத் துணி என்றுதான் எனக்குத் தோன்றியது. பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்ன் ஆண்களின் தலைக்கு மேல் போகக் கூடாது, போனால் அவர்களுடைய மகிமை குறையும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதைத் துவைத்தால் தாழ்வான துணிக்கொடியில், பின்பக்கம்தான் காயப்போடுவோம். அத்தனையும் தெரிந்த நான்தான் அதைக் குச்சியில் கட்டி, இருபத்திரண்டு ஆண்கள் ஓடும் மைதானத்துக்குக் கொண்டுபோனேன்.

இடைவேளையில் எனக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கொய்யாத் துண்டு கொடுத்தார். கோ ஸோ மின்னின் தாயார், டோ செல்லம்மா. அவருடைய கண் குச்சியின் மேல் போனது. கறுப்புப் பட்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்: "தமி, இது தமெய்ன் துணியில்ல? தெரியாமப் பண்ணிட்டே. பரவால்ல. புள்ளைங்க தலைக்கு மேல மட்டும் தூக்கிடாதே மா." தமி என்றால் மகளே. அதில் கோபம் துளியும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

இரண்டாம் பாதி முழுவதும் கொடியைக் கையை நீட்டி இடுப்பு உயரத்தில் காட்டினேன். அது போதுமாக இருந்தது. முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. தன்லியின் ஆள் ஒருவர் என் பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் கால் விரல்களுக்கு முன்னால் பந்து கோட்டை முழுதாகத் தாண்டியது. ஒரு சாண் வெளியே. அவர் அதைத் திருப்பி உள்ளே இழுத்தார். கோ ஸோ மின் ஓடிவந்து கோட்டின் உள்பக்கம் என் தோளருகே நின்றுவிட்டார். கையைத் தூக்கி, பந்து வெளியே என்று என் முகத்தைப் பார்த்தார். மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ரேவதி அக்காவும் என்னைப் பார்த்தார். காற்று ஆற்றுப் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கோ ஸோ மின் மறைத்து நின்றதால் இடுப்பு உயரத்தில் காட்டினால் அக்காவுக்குத் தெரியாது; உயர்த்தினால் துணி கோ ஸோ மின்னின் தலைக்கு நேர் மேலே பறக்கும். அவருடைய அம்மா எனக்குப் பின்னால் இருக்கிறார்.

என் கை எழவில்லை. இரண்டு அடி தள்ளி நின்று உயர்த்தியிருக்கலாம். கொடியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையை உயர்த்தியிருக்கலாம். இதெல்லாம் மறுநாள் தோன்றியது. பந்து உள்ளே போயிற்று. கோல் விழுந்தது. கொடி எழாததால் ரேவதி அக்கா கோல் என்று விசில் ஊதினார். தன்லியின் ஜெயித்தது.

மைதானத்திலிருந்து டீக்கடை ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியில் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே குச்சியை என் கையிலிருந்து வாங்கினார், பட்டையைப் பார்த்தார், துணியை உருவி மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "நீ பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது" என்றார். பிறகு போய்த் தோற்றவர்களின் மேசையில் உட்கார்ந்தார்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. கோ ஸோ மின்தான் தொடங்கினார்.

"பந்து வெளிய போச்சு. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"இப்போ தெரியும். போச்சு."

"அப்போ எதுக்கு கோல் குடுத்தீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன்."

"அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னுச்சே. ஏன் கொடி தூக்கல?"

"விசில் என்னோடது, கொடியும் என்னோடது. கேக்கிறத என்கிட்ட கேளு."

பின்னாலிருந்து யாரோ, "தன்லியின்காரன் டம்பௌக் பிரியாணி வாங்கிக் குடுத்திருப்பான், ஒரு தட்டு சோத்துக்குத் தீர்ப்பு மாறிடுச்சு" என்றார். ரேவதி அக்கா அவர் பக்கம் திரும்பி, "குடுக்கல. குடுத்திருந்தாலும் சாப்பிட்டுட்டு சரியாத்தான் ஊதியிருப்பேன். இன்னைக்குத் தப்பா ஊதினேன். அதுக்கு வேற காரணம் இல்ல" என்றார். கோ ஸோ மின் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அவர் அணியும் போயிற்று. ரேவதி அக்கா ஒன்பது கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தன் தேநீரைக் குடித்து முடித்தார். நான் எதிரே வாய் திறக்காமல் நின்றேன். அவர் சொன்னதால் மட்டும் அல்ல. திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். அவர் பேச்சு மாலத்தீவுக்குப் போயிற்று. அங்கே ஒருமுறை அவருக்குக் கொடி பிடித்தவர் தோட்ட வேலை செய்யும் ஜமால் என்ற மனிதர். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். ஓர் ஆட்டத்தில் அவர் கொடி தவறிவிட்டது. தோற்றவர்களின் மேசையில் படகு அணி கேட்டபோது ரேவதி அக்கா உண்மையைச் சொன்னார், ஜமால் கொடி தூக்கவில்லை என்று.

"பொய் சொல்லல. உள்ளதத்தான் சொன்னேன். மறுநாளிலேந்து அவர்கிட்ட யாரும் பேசல. சாப்பிட ஒக்காந்தா எழுந்து போயிடுவாங்க. தீவு கல்யாணி அது. வேற தெரு கெடையாது, வேற டீக்கடை கெடையாது. ஒரு மாசத்துல சாமான் ஏத்தற தோணியில ஏறிப் போயிட்டார். நான்தான் அந்த மேசையக் கண்டுபுடிச்சேன். அதுல அவரப் புடிச்சுக் குடுத்ததும் நான்தான். அதுக்கப்புறம் அங்க கொடி புடிச்சவங்க பேர நான் சொன்னதே இல்ல."

"நானே சொல்லிடறேன் அக்கா."

"சொன்னா ஒன் பேர் மட்டுமா வரும்? அந்தம்மா பேரும் வரும். மகன் ஆட்டம் அம்மா வாயால போச்சும்பான். அவங்க டாலாவுல அதே தெருவுலதான் இருக்கணும். அதுவும் ஒரு தீவுதான். என்மேல கோவப்படட்டும். நான் பாலம் தாண்டி இந்தப் பக்கம் இருக்கேன், எனக்குப் பபேடான் இருக்கு."

டாலா அணி அதற்குமேல் தங்கள் ஆட்டத்தில் அவர் விசில் ஊதக் கூடாது என்றது. குழு அவரை இறுதி ஆட்டங்களிலிருந்து விலக்கியது. அவர் முறையிடவில்லை. மற்ற ஞாயிறுகளில் மற்ற அணிகளுக்கு ஊதினார். இறுதி ஆட்டத்தன்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்து வெயிலில் உட்கார்ந்து பார்த்தார். நடுவராக நின்ற ஆள் ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "பாவம், யாராவது அவருக்குச் சொல்லக் கூடாதா, பந்து திரும்பி வரும்னு" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று நான் மூன்று ஆண்டு தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருமுறைதான் கண்டேன். டாலா அணி ஓர் ஆட்டத்தில் தோற்று, டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. புது நடுவர் பஸ் பிடித்துப் போய்விட்டார். அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. ரேவதி அக்கா தெருவின் இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார். பிறகு, "வா, போவலாம்" என்றார்.

நான் கொடியைக் கைவிட அவர் விடவில்லை. அந்த இறுதி ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறே விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய மஞ்சள் கொடி ஒன்றை நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. "நடுங்கினா நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே தூக்கு. தூரத்துலேந்து பாக்கிறவனுக்கு அது தெரியாது." அன்று பந்து பதினான்கு முறை வெளியே போயிற்று. பதினான்கு முறையும் தூக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் படகேறி டாலாவுக்குப் போனேன். கரையில் சைக்காக்காரர்கள் எங்கே எங்கே என்று சூழ்ந்துகொண்டார்கள். கோ ஸோ மின் அவர்களில் இருந்துவிடக் கூடாதே என்று பார்த்தபடி நடந்தேன். டோ செல்லம்மா வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். முறத்தை வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

"போயிட்டாங்களாமே. கேள்விப்பட்டேன்" என்றார். "அன்னைக்குக் கடைக்கு வெளிய நானும் நின்னேன் தமி. அவங்க சொன்னது எல்லாம் கேட்டுச்சு. என் வாயிலேந்து வந்ததுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பஸ்ஸில் ரேவதி அக்கா பேசியதையும், அதை மலரில் எழுத நினைப்பதையும் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷம் என் மகன் அவங்கள ஏசினான். நான் பக்கத்துல ஒக்காந்து சோறு போட்டேன். சொல்லணும் சொல்லணும்னு இருப்பேன், அவன் மொகத்தப் பாத்தா வாய் வராது. ஒனக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான் அம்மா."

"எனக்காக ஒரு பொம்பள பேர் கெட்டுப் போனது போதும். எழுது. என் பேரையும் போட்டு எழுது. மறைக்காதே."

"உங்க மகனுக்குத் தமிழ் படிக்க வராதே."

"எனக்கு வரும்" என்றார்.

இதோ எழுதிவிட்டேன். தமெய்ன் துணியைக் குச்சியில் கட்டியவள் நான். பந்து வெளியே போனதைக் கண்ணால் பார்த்தும் கையைத் தூக்காதவள் நான். அந்தக் கோல் என்னுடையது. அந்தத் தமெய்ன் வழக்கத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. டோ செல்லம்மாவின் மேல் அதைவிடவும் இல்லை. ஒரு பெண்ணைக் கூட்டத்தில் தலைகுனிய விடாமல் காப்பாற்ற நினைத்தவர்கள் அன்று அந்த மைதானத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களால் எனக்குத் தீங்கு எதுவும் வரவில்லை. தீங்கு போய்ச் சேர்ந்த இடம் ரேவதி அக்கா. அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தேநீரையும் குடித்து முடித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், முழங்கை மடங்காமல் கையைத் தூக்கும் பழக்கம் என்று சொல்வேன். அது இப்போது மைதானத்தோடு நிற்பதில்லை. போன மாதம் கடையில் முதலாளி ஒரு பெட்டியை வேறு ஒருவருக்குத் தவறாகக் கட்டச் சொன்னபோது, இது அவர்களுடையது அல்ல என்று சொன்னேன். குரல் நடுங்கியது. முதலாளி பெட்டியைத் திருப்பி வைத்தார். எனக்கு இது பெரிய விஷயம். வீட்டில் அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதும் கணக்கு எதுவும் இல்லை என்று. அவருக்கு முதல் ஆண்டே தெரியுமாம்.

இறுதி ஆட்டத்தில் நான்தான் ஆற்றுப் பக்கக் கோட்டில் நிற்கப்போகிறேன். டாலா அணிக்கு என்னை நிறுத்தச் சம்மதம் இல்லையென்றால் குழுவிடம் சொல்லட்டும், விலகிக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும் எந்த அணி தோற்றாலும் அந்த மேசைக்கு வருவேன். கேட்பதை என்னிடம் கேட்கலாம். வாய் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அது கோ ஸோ மின்னுக்கு. அண்ணே, இதை உங்கள் அம்மா உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பேச்சு வரும் இடத்தையும் அவரேதான் வாசித்திருப்பார். விடக் கூடாது என்று அவரே என்னிடம் சொன்னார். இந்த இடத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகு கேளுங்கள்.

உங்கள் அணி வெளியே நிற்க வேண்டாம் என்று மட்டும் நான் கேட்கப்போவதில்லை. அது போதாது. குழுவிலிருந்து யாரோ ஒருவர் காகிதத்தைப் பார்த்து அவர் பெயரை வாசிப்பதும் போதாது. அன்று நீங்கள் மைதானத்தின் நடுவுக்கு வந்து மைக்கை வாங்க வேண்டும். ரேவதி அக்காவின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன பிறகு எல்லோரும் நிற்கிறோம்.